எந்தப் பக்கம் என்று கேட்காதவர்

திருடனைக் குழாயில் கட்டி வைத்திருந்த ஒரு காலை வேளையில்தான் அவரை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டிருந்தவனை வாட்ச்மேன் பிடித்துவிட்டார். ஆளாளுக்கு இரண்டு அடி கொடுத்து, நைலான் கயிற்றால் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டு, போலீஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தோம். அப்போது மூன்றாம் மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தார். கணுக்காலுக்கு மேல் ஏறிய புடவை, ரப்பர் ஷூ, கழுத்தோடு வெட்டிய நரைமுடி, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. குடி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார்ந்தார்.

"எங்கப்பா வலிக்குது?"

"சிஸ்டர், அவன் திருடன்" என்றார் எங்கள் சங்கச் செயலாளர்.

"சரிங்க. கொஞ்சம் நகந்து நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

கயிற்றை அவிழ்க்கவில்லை. அவனை விட்டுவிடும்படி கெஞ்சவும் இல்லை. புருவத்துக் காயத்தைத் துடைத்து ஒட்டுப் போட்டார். மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு அட்டையை மடித்து வைத்துக் கட்டினார். "எலும்புல விரிசல் விட்டிருக்கு. போலீஸ்காரங்க வந்தா முதல்ல ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று செயலாளரிடமே சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அன்று முழுவதும் குடியிருப்பில் அதுதான் பேச்சு. பாதிப் பேர் அவருக்குப் பெரிய மனசு என்றார்கள். மீதிப் பேர், இவருக்குத் திருட்டுப் போயிருந்தால் தெரியும் என்றார்கள். நான் அந்த மீதிப் பேரில் ஒருத்தி.

சிஸ்டருக்கு முசிறிப் பக்கம் பூர்வீகம். அப்பா வாழை விவசாயி. திருச்சியில் நர்ஸ் படிப்பு முடித்து, இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு லிபியாவுக்குப் போனவர். கடலோரமாக ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே இரண்டாவது முறையாகச் சண்டை மூண்டபோது, நம் அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார்.

வந்த சில மாதங்களிலேயே குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவர்தான் ரத்த அழுத்தம் பார்ப்பார். முதல் மாடியில் அண்ணன் தம்பி இருவர், எதிரெதிர் வீடு. அப்பா வீட்டைப் பங்கு பிரித்ததில் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் காலையில் வருவார், தம்பி சாயங்காலம். ஒருவர் மற்றவரைப் பற்றி ஆரம்பித்ததும் சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொள்வார். "இத மாட்டினா வெளிச் சத்தம் கேக்காதுங்க" என்று சிரிப்பார். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிய பிறகும் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். அவர்கள் எழுந்து போகும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

இது வேடிக்கை. வேடிக்கையாக இல்லாததும் ஒன்று உண்டு. நான்காம் மாடியில் ஒரு பெண்ணை அவள் கணவன் அடிப்பான். ஒருமுறை அவள் முன்கையில் சூட்டுக் காயம். சிஸ்டர்தான் மருந்து போட்டுக் கட்டினார். அடுத்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் என்றதும் போய்ப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாமே சிஸ்டர்?"

"கேட்டா, அடுத்த தடவை அந்தப் பொண்ண என் வீட்டுக்கு வர விடமாட்டான் டீச்சர்."

"அதுக்காக நியாயம் கேக்காம இருக்கறதா?"

"நியாயம் கேக்க நீங்கல்லாம் இருக்கீங்களே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. நான் உட்பட யாரும் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. தன் வீட்டு மாற்றுச் சாவியை அந்தப் பெண்ணிடம் சிஸ்டர் கொடுத்து வைத்திருந்ததும், இரண்டு முறை அவள் அங்கே போய் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். நாவலும் எழுதுவேன். ஒரு நாட்டின் அரை நூற்றாண்டை ஒரே குடும்பத்தின் கதையாகச் சொல்லும் நாவல் ஒன்றை எழுத வேண்டும் என்று பல வருடமாக ஆசை. லிபியாவைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறேன். ராஜா போனது, ராணுவம் வந்தது, குண்டு விழுந்தது, பொருளாதாரத் தடை, மக்கள் எழுச்சி, பிறகு உள்நாட்டுச் சண்டை. எல்லாம் எனக்கு வருடவாரியாகத் தெரியும். அந்த நாட்டில் அத்தனை காலம் வாழ்ந்தவர் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். விடுவேனா? ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு படியேறினேன்.

முதல் இரண்டு மாதம் நோட்டு நிரம்பவே இல்லை. நான் ஒன்று கேட்பேன், அவர் ஒன்று சொல்வார்.

"தடை விதிச்ச காலத்துல ஜனங்க அரசாங்கத்தைப் பத்தி என்ன நினைச்சாங்க சிஸ்டர்?"

"கையுறை கிடைக்காது. ஒரு தடவை போட்டதத் துவைச்சு, கொடில காயப்போட்டு, பவுடர் தடவி மறுபடி மாட்டிக்குவோம். கொடி நிறையக் கை கையா தொங்கும். லீவுக்கு வரணும்னா அங்க பிளேன் கிடையாது. பக்கத்து நாட்டுக்கு பஸ்ல போயி அங்கேர்ந்து ஏறணும்."

"தலைவர் டிவில பேசும்போது ஆஸ்பத்திரில எல்லாரும் கேப்பாங்களா?"

"மணிக்கணக்கா பேசுவாரு. நான் சத்தத்தக் குறைச்சிருவேன். ஆபரேஷன் ஆனவன் தூங்கணும்ல."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? பயமா இல்லையா?"

"பாஹி" என்பார். அந்த ஊர்ப் பேச்சில் 'சரி, ஆகட்டும்' என்பது போல ஒரு சொல். எனக்குப் பதில் இல்லை என்பதற்கும் அதையே வைத்துக்கொள்வார்.

யார் நல்லவர், யார் கெட்டவர், யார் எந்தக் கட்சி, எந்தக் குலம் என்று ஒன்றும் அவரிடமிருந்து பெயராது. டாக்டர் ஒருவரைப் பற்றிப் பேசினால் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று சொல்வார். என் நாவலில் வந்து போகிற பாதிப் பேருக்கு என்ன வியாதி என்று தெரிந்திருந்தது, என்ன கொள்கை என்று தெரியவில்லை. ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"அங்க இவ்வளவு நடந்திருக்கு. நீங்க எந்தப் பக்கம் சிஸ்டர்?"

வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, அடுத்த வில்லையை நறுக்கினார். நான் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க டீச்சர்" என்றார். "ஒரு தடவை கேட்டேன். அதச் சொல்றேன்."

எழுச்சி தொடங்கிய மாதத்தில் வெளிநாட்டு நர்ஸுகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். நம் ஊர் நர்ஸுகளுக்குக் கப்பல் வந்தது. இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வார்டுல பதினோரு பேர் இருந்தாங்க" என்றார். சண்டை அந்த ஊரைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது. அரசாங்க ராணுவத்திலும் அடிபட்டு வந்தார்கள், எதிர்த்துச் சண்டை போட்டவர்களிலும் வந்தார்கள். யாரைக் கொண்டுவந்தாலும் இவர் முதலில் கத்தரியால் உடுப்பை வெட்டி எடுத்து பாய்லர் அடுப்பில் போட்டுவிடுவார். எல்லோருக்கும் ஒரே பச்சை கவுன். பெயர் எழுதுவதில்லை, கட்டில் நம்பர்தான். ஊர் எது என்று கேட்பதே இல்லை. ஊரைச் சொன்னால் பக்கம் தெரிந்துவிடும். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு முறை துப்பாக்கியோடு வந்து, "எதிரி யாராவது இருக்கானா?" என்று விசாரித்திருக்கிறார்கள். "தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தே நம்பிப் போய்விட்டார்கள்.

"அப்ப ஏழாம் நம்பர்ல ஒருத்தன் வந்தான். வயித்துல குண்டு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஆபரேஷன் ஆயிருச்சு. தண்ணி தண்ணின்னு கேப்பான், குடுக்கக் கூடாது. பஞ்ச நனைச்சு உதட்டுல தடவுவேன். மூணாம் நாள் கொஞ்சம் தெளிஞ்சு பேச ஆரம்பிச்சான். அவங்க வீட்டுல எலுமிச்ச மரம் இருக்காம். அம்மா எல்லாத்துக்கும் எலுமிச்சம்பழம் பிழிவாங்களாம். எங்க அம்மாவும் அப்படித்தான். நான் பஞ்ச வச்சிக்கிட்டே, யோசிக்கவே இல்ல, 'எந்த ஊருப்பா?'ன்னு கேட்டுட்டேன்."

அவன் சொல்லிவிட்டான். அந்த ஊர் முழுக்க எந்தப் பக்கம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அதற்குள் ஆஸ்பத்திரி இருந்த ஊர் மற்றத் தரப்பின் கைக்கு மாறியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நான்கு பேர் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவன் வெளியாள் இல்லை. அதே ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவன். கடையில் சரக்கு இல்லாத காலத்திலும் சிஸ்டருக்கென்று மயக்க மருந்து ஒதுக்கி வைத்துக் கொடுத்தவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"சிஸ்டர், வெளியூர்க்காரங்க யாராவது இருக்காங்களா?"

"தெரியாதுன்னு சொன்னேன் டீச்சர். சொல்லும்போது ஏழாம் நம்பர் கட்டிலப் பாத்துட்டேன்."

வாழைத்தண்டு வில்லைகள் மோரில் மிதந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைக் கையால் அளைந்தார்.

"நான் சொல்லல. பாத்தேன். அவ்வளவுதான். நேரா அவன்கிட்ட போயிட்டாங்க. நான் குறுக்க போயி நின்னேன். என்னத் தள்ளக்கூட இல்ல, சுத்திக்கிட்டுப் போனாங்க. டிரிப்ஸ எடுத்தா செத்துருவான்னு கத்தினேன். அந்த மருந்துக் கடைக்காரன் பாட்டில ஸ்டாண்டுலேர்ந்து எடுத்து அவனே கையில பிடிச்சான். 'தோளுக்கு மேல பிடி'ன்னேன். பிடிச்சான். மத்த மூணு பேரும் ஸ்ட்ரெச்சர்ல வச்சு வாசல் வரைக்கும் கொண்டுபோயி ஒரு வண்டில ஏத்தினாங்க. அப்புறம் எனக்குத் தெரியாது."

அன்று நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கீழே வந்ததும் வரிக்கு வரி நினைவிருந்தது. என் நாவலுக்கு உச்சம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருந்ததை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மாதத்தில் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அந்தச் சண்டையில் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரணை அறிக்கைகள் படித்திருந்தேன். அதன்படியே எழுதினேன். ஊருக்கு வெளியே, தண்ணீர் இல்லாத ஓடை ஒன்றில் வண்டி நிற்கிறது. ஏழாம் நம்பர்க்காரனை இறக்குகிறார்கள். மருந்துக் கடைக்காரன் பாட்டிலை மணலில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறான். நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். சிஸ்டருக்குக் கண்ணில் புரை இருந்ததால் நானே போய் வாசித்துக் காட்டினேன்.

முடித்ததும், "யாரு சுட்டது?" என்றார்.

"அந்த மருந்துக் கடைக்காரன்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"சிஸ்டர், இது நாவல். ஆனா அப்ப அங்க என்ன நடந்துதுன்னு எல்லாம் படிச்சுத்தான் எழுதியிருக்கேன். அப்படிக் கொண்டுபோனவங்கள..."

"வாசல் தாண்டுற வரைக்கும் அவன் பாட்டில இறக்கவே இல்ல" என்றார். குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "நான் பின்னாலயே போனேன். கை மாத்தி மாத்திப் பிடிச்சான், இறக்கல. சுடப் போறவன் எதுக்குக் கை வலிக்கப் பிடிச்சிக்கிட்டு நடக்கணும்? நான் சொட்ட மெதுவா வச்சு விட்டேன் டீச்சர். ஆறு மணி நேரம் வரும். அடுத்த ஊரு பெரியாஸ்பத்திரி மூணு மணி நேரம்தான். ரோடு மோசம்னாலும் நாலு."

"அப்படிப் போயிருந்தா நல்லதுதான் சிஸ்டர். ஆனா சரித்திரம்..."

"சரித்திரத்துல எத்தனையோ பேர் இருப்பாங்க. இவன எதுக்கு நீங்க கொல்றீங்க?"

எழுந்து போய் அடுப்படியில் எதையோ கழுவ ஆரம்பித்தார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கோபம்தான் வந்தது. எழுத்தாளருக்கு ஒரு சுதந்திரம் வேண்டாமா, உண்மையைப் பூசி மெழுகச் சொல்கிறாரே என்று என் கணவரிடம் புலம்பினேன். அத்தியாயத்தில் ஒரு வரியும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த ஒரு மாதம் மாடிப்படியில் எதிரே பார்த்தால் இரண்டு பேரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் படியில் வழுக்கி விழுந்தேன். நான்கு படி. பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். சத்தம் கேட்டு முதலில் வந்தவர் அவர்தான். அதே பிளாஸ்டிக் டப்பா, அதே ரப்பர் ஷூ. என் முன்னால் படியில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?"

கணுக்காலைக் காட்டினேன். பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக அசைக்கச் சொல்லிப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. சுளுக்குதான்" என்றார். பட்டையை இறுக்கமாகச் சுற்றினார். தினமும் இரண்டு வேளை வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டினார். அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாற்றிவிட்டீர்களா என்று ஒரு பார்வைகூட இல்லை. திருடனின் மணிக்கட்டையும், நான்காம் மாடிக்காரனின் காய்ச்சலையும் எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் என் காலையும் பார்த்தார்.

ஐந்து நாள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. நான் ஏழாம் நம்பர்க்காரனை மட்டும் கொன்றிருக்கவில்லை. அவனை ஓடைமணலில் கிடத்திவிட்டால், அவனைக் கொன்றது அந்த மருந்துக் கடைக்காரன் மட்டும் அல்ல, கட்டில் பக்கம் திரும்பிய ஒரு ஜோடிக் கண்களும்தான். அந்தத் தீர்ப்பைத்தான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, ஏற்ற இறக்கத்தோடு, வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ஓடை வருகிற பக்கங்களை எடுத்துவிட்டேன். வண்டி கிளம்புவதோடு நாவலை நிறுத்தினேன். பதிப்பாளருக்குத் திருப்தி இல்லை. "அவன் என்ன ஆனான்னு படிக்கிறவங்க கேப்பாங்களே மேடம்?" என்றார். கேட்கட்டும் என்றேன்.

புத்தகம் வருவதற்குள் சிஸ்டருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அவருடைய தம்பி வந்து முசிறிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போன தை மாதத்துக்கு முந்தைய தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு முசிறி பஸ் ஏறினேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பங்குனியில் போய்விட்டார்.

வீட்டைச் சுற்றிலும் வாழை. ஜன்னலோரம் கட்டில். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "எங்க வலிக்குது சிஸ்டர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். புத்தகத்தைக் கையில் வாங்கி, "இவ்வளவு பெருசா?" என்று தம்பி மனைவியிடம் காட்டினார். அந்தப் பெண் எனக்குக் காபி கொடுத்துவிட்டுக் காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

"அவன்?" என்றார் மெதுவாக.

"வண்டில ஏத்தற வரைக்கும்தான் சிஸ்டர். அதுக்கு மேல எழுதல."

தலையாட்டினார். புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

ஏழு வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நீங்க நிறையப் படிச்சிருக்கீங்க. அந்த மாதிரி ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டுப் போனவங்க யாராவது... திரும்பி வந்திருக்காங்களா?"

பஸ்ஸில் வரும்போதே ஒன்று முடிவு செய்திருந்தேன். இவரிடம் என்ன பேசினாலும் பொய் சொல்வதில்லை.

"வந்திருக்காங்க சிஸ்டர். பின்னால ரெண்டு தரப்பும் பிடிச்சு வச்சிருந்தவங்கள மாத்திக்கிட்டாங்க. அப்படி வீட்டுக்கு வந்து சேந்த ஒருத்தரோட பேட்டி நானே படிச்சேன். கல்யாணம் ஆகி, குழந்தை இருக்கு."

சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சொன்னது நிஜம். எத்தனை பேர் போனார்கள், அதில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

"வந்திருக்காங்கல்ல" என்றார். பிறகு கொல்லைப்பக்கம் திரும்பி, "ஏம்மா, டீச்சருக்குச் சாப்பாடு எடுத்து வை. மூணு மணி பஸ்ஸ விட்டுட்டா அவங்களுக்கு லேட்டாயிரும்" என்று குரல் கொடுத்தார். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.